நாம் தினமும் வாசிக்கும் எழுத்து: எட்வேர்ட் ஜோன்ஸ்டனின் கதை

லூயிஷாம் மத்தியில் உள்ள பஸ் தரிப்பு ஒன்றில் நின்று சற்றுத் தலையை உயர்த்திப் பாருங்கள். ஒரு வளையம், அதன் குறுக்கே ஒரு பட்டை. அதற்குக் கீழே தரிப்பின் பெயர், 21, 47, 54 என்று பஸ் இலக்கங்கள். இந்த ஊரை லூசியம் என்றே சொல்லிப் பழகிய நம்மவர்களுக்கும், சிவன் கோவிலுக்கென்று வேறு இடங்களிலிருந்து வருபவர்களுக்கும், இறங்க வேண்டிய இடத்தை அறிவிப்பது இந்தப் பலகைதான்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரங்களை நினைத்துப் பார்ப்போம். பலருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஒருவரை நிறுத்தி வழி கேட்கக் கூச்சம். கையில் ஒரு துண்டுக் கடதாசி, அதில் உறவினர் எழுதித் தந்த தரிப்பின் பெயர். அந்தப் பெயரையும் பலகையில் இருக்கும் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நம்மில் பலர் லண்டனைக் கற்றுக்கொண்டோம். எழுத்து தெளிவாக இருந்ததால் அது முடிந்தது.

அந்த எழுத்து தற்செயலாகத் தெளிவாக அமைந்துவிடவில்லை. அதை வரைந்தவர் எட்வேர்ட் ஜோன்ஸ்டன். அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எழுத்துக் கலைஞர்கள் மத்தியில் உலகெங்கும் அறியப்பட்ட பெயர் அது. ஆனால் அவர் உருவாக்கிய எழுத்தைத் தினமும் வாசிக்கும் லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எழுத்து எழுதுபவர்களின் நிலை எங்கும் ஏறத்தாழ இதுதான். நம் ஊரில் சினிமாத் தலைப்புகளையும், சித்திரக்கதைப் புத்தகங்களின் அட்டைகளையும், கடைப் பெயர்ப்பலகைகளையும் எழுதியவர்கள் யார் என்று நாம் கேட்டதில்லை. அமெரிக்காவில் சூப்பர்மேன் என்ற பெயரை உலகம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த ஐரா ஷ்நாப் என்பவரும் நெடுங்காலம் பெயர் தெரியாமலேயே இருந்தவர். சித்திரம் வரைந்தவருக்குப் பெயர் உண்டு, கதை எழுதியவருக்குப் பெயர் உண்டு, எழுத்தை எழுதியவர் மறக்கப்படுவார். ஆகவே லண்டனுக்கு எழுத்துத் தந்தவரின் வாழ்க்கையை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

தென் அமெரிக்காவில் பிறந்த பிள்ளை

ஜோன்ஸ்டன் லண்டனில் பிறந்தவர் அல்லர். 1872ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில், சான் ஹோசே என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஸ்கொட்லாந்துக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிப்பதற்காகப் பாராளுமன்றத்தில் போராடிய தோமஸ் ஃபவல் பக்ஸ்டன், ஜோன்ஸ்டனின் பூட்டன் முறையானவர். பெயர்பெற்ற குடும்பம்தான், ஆனால் தந்தையின் காலத்தில் கையில் வசதி இருக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் பிரித்தானியாவுக்குத் திரும்பியது. தந்தைக்கு நிலையான தொழில் அமையவில்லை. தாய் நோயாளி. ஜோன்ஸ்டனும் உடல்நலம் குறைந்த பிள்ளை. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த நாட்களில் கணிதமும் இயந்திரங்களும் அவருக்குப் பிடித்திருந்தன. அலங்கார எழுத்தில் வேத வாக்கியங்களை எழுதி, ஓரங்களில் வண்ணம் தீட்டுவது அவரது பொழுதுபோக்கு. அக்காலத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் செய்த பொழுதுபோக்குத்தான் அது. அதுவே தொழிலாகும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1891இல் தாய் இறந்தார். அதன் பிறகு உறவினரின் அலுவலகமொன்றில் சில காலம் வேலை. பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். உடல்நிலை அதற்கும் இடம் கொடுக்கவில்லை. மருத்துவத்தை இடையில் விட்டுவிட்டு 1898இல் லண்டனுக்கு வந்தபோது அவருக்கு வயது 26. பட்டம் இல்லை, தொழில் இல்லை, உடம்பிலும் வலு இல்லை. மருத்துவம் படிக்கப் போன பிள்ளை அதை விட்டுவிட்டு எழுத்து எழுதப் போகிறேன் என்று வந்து நின்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நூலகத்தில் கிடைத்த பாடம்

லண்டனில் அவரை ஒரு நண்பர் வில்லியம் லெதபி என்பவரிடம் அழைத்துச் சென்றார். லெதபி கட்டடக் கலைஞர். 1896இல் தொடங்கப்பட்ட மத்திய கலை, கைவினைப் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர். இளைஞர் காட்டிய எழுத்துகளைப் பார்த்த அவர், பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போய் அங்குள்ள பழைய கையெழுத்துச் சுவடிகளைப் படிக்கும்படி அனுப்பினார். சுவடிகளை நன்கறிந்த சிட்னி கொக்கரல் என்பவர், அவற்றுள் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினார்.

அங்கு ஜோன்ஸ்டன் கண்டுபிடித்த விடயத்தை விளங்கிக்கொள்ள, அன்றைய நிலையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். அச்சு இயந்திரம் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கையால் நூல் எழுதும் கலை ஐரோப்பாவில் ஏறத்தாழ மறைந்துபோயிருந்தது. அலங்கார எழுத்து வேண்டுமென்றால், கூரிய முனையுள்ள பேனாவால் எழுத்தின் வெளிக்கோட்டை முதலில் வரைந்து, பிறகு உள்ளே மையை நிரப்புவார்கள். எழுத்தை எழுதாமல், படம்போல வரைந்தார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய துறவிகள் அப்படிச் செய்யவில்லை என்பதை ஜோன்ஸ்டன் சுவடிகளைக் கூர்ந்து பார்த்து அறிந்தார். அவர்கள் இறகின் நுனியை அகலமாகச் சீவி, அதை ஒரே சரிவில் பிடித்து எழுதினார்கள். பேனா ஒரு திசையில் போனால் கோடு தடிக்கும், இன்னொரு திசையில் போனால் மெலியும். எழுத்தின் அழகு முழுவதும் அந்த முனையின் அகலத்திலிருந்தும், அதைப் பிடிக்கும் சரிவிலிருந்தும் தானாகப் பிறந்தது.

நமக்கு இது புதிதல்ல. ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய காலத்தில் நம் முன்னோர் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்காமலேயே எழுதினார்கள். ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தவர்களுக்கு அது தெரியும். ஓலையும் எழுத்தாணியும் தமிழ் எழுத்தின் தோற்றத்தில் தம் அடையாளத்தை விட்டுச் சென்றன. அவ்வாறே இறகும் தோலும் உரோம எழுத்துகளுக்கு வடிவம் தந்தன. கருவியை மறந்தவர்கள் எழுத்தின் காரணத்தையும் மறந்துவிட்டார்கள். ஜோன்ஸ்டன் கருவியை மீண்டும் கையில் எடுத்தார். இறகைச் சீவுவது, தோலைப் பதப்படுத்துவது, மை சேர்ப்பது, பொன் தகடு ஒட்டுவது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தே கற்றார். சொல்லித்தர ஆசிரியர் எவரும் இருக்கவில்லை.

மாணவராகவே இருந்த ஆசிரியர்

அவர் படித்து முடிக்கும்வரை லெதபி காத்திருக்கவில்லை. 1899 செப்டெம்பரில் மத்தியப் பள்ளியில் எழுத்து வகுப்பு ஒன்றைத் தொடங்கி, அதை ஜோன்ஸ்டனிடம் ஒப்படைத்தார். முதல் நாள் வந்தவர்கள் ஒரு சிலரே. தாமே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதை ஜோன்ஸ்டன் மறைக்கவில்லை. 1901 முதல் றோயல் கலைக் கல்லூரியிலும் கற்பித்தார்.

அவரது வகுப்புக்கு வந்தவர்களின் பட்டியல் பெரியது. புத்தகக் கட்டுநராகவும் அச்சாளராகவும் பெயர்பெற்ற கொப்டன் சாண்டர்சன் வந்தார். கிரெய்லி ஹியூவிட், நோயல் றூக், பேர்சி ஸ்மித் ஆகியோர் வந்தார்கள். ஜேர்மனியிலிருந்து அன்னா சைமன்ஸ் வந்தார். கல்லில் எழுத்துச் செதுக்கும் எரிக் கில் என்ற இளைஞரும் வந்தார். கில் பின்னாளில் ஆசிரியரை விடப் புகழ் பெற்றார். அந்தக் கதையைப் பின்னர் பார்ப்போம்.

கரும்பலகையின் முன் நின்று வெண்கட்டியின் அகலப் பக்கத்தால் ஜோன்ஸ்டன் எழுதிக் காட்டுவார். வகுப்பு முடிந்ததும் அது அழிந்துவிடும். மாணவி ஒருவர் 1926இல் அக்கரும்பலகைகளைப் புகைப்படம் எடுத்து வைத்ததால், அவர் எப்படிக் கற்பித்தார் என்பதை இன்றும் நாம் பார்க்க முடிகிறது. தம்மைப் பார்த்து எழுதும்படி அவர் மாணவர்களிடம் சொல்லவில்லை. ஓர் எழுத்து ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்ற காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். காரணம் விளங்கினால் வடிவம் தானாக வரும் என்பது அவரது நம்பிக்கை.

1903இல் கிரெட்டா கிரெய்க் என்ற ஸ்கொட்லாந்துப் பெண்ணைத் திருமணம் செய்தார். மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். 1905 முதல் 1912 வரை மேற்கு லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ஹமர்ஸ்மித் பகுதியில் குடியிருந்தார். அந்த வீட்டுச் சுவரில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது. அங்கு வசித்தபோது, 1906இல், எழுதுதல், வண்ணம் தீட்டுதல், எழுத்து அமைத்தல் ஆகியவற்றைப் பற்றிய அவரது பாடநூல் வெளிவந்தது. சுவடி எழுத்தைப் படிப்படியாகச் சொல்லித்தரும் நூல் அது. 1910இல் அன்னா சைமன்ஸ் அதை ஜேர்மன் மொழியில் தந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கையெழுத்துக் கலை மறுபடி உயிர்பெற்றதற்கு அந்நூல் முக்கிய காரணம். இன்று திருமண அழைப்பிதழுக்கு அலங்கார எழுத்து எழுதிக் கொடுக்கும் ஒருவர் லண்டனில் இருந்தாலும் சரி, டொரொண்டோவில் இருந்தாலும் சரி, அவர் கற்ற பாடத்தின் வேர் பெரும்பாலும் ஜோன்ஸ்டனிடம் போய்ச் சேரும்.

1912இல் குடும்பத்துடன் லண்டனை விட்டு, தெற்கே சசெக்ஸ் பகுதியில் உள்ள டிச்லிங் என்ற கிராமத்துக்குப் போனார். மாணவர் கில் அங்கு முன்பே குடியேறியிருந்தார். லண்டனின் நிலக்கீழ் ரயில் எழுத்தை ஜோன்ஸ்டன் வரைந்தது இந்தக் கிராமத்தில் வாழ்ந்த காலத்தில்தான்.

ஃபிராங்க் பிக் கேட்ட எழுத்து

அக்காலத்து லண்டன் நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். சுவர் முழுவதும் சவர்க்காரம், தேயிலை, மருந்து விளம்பரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை எழுத்தில் கூவும். அவற்றுக்கு நடுவில் எங்கோ நிலையத்தின் பெயர். பல தனியார் நிறுவனங்கள் தனித்தனியே கட்டிய பாதைகள் என்பதால், அறிவித்தல்களின் எழுத்தும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. வண்டி நிற்கும் சில நொடிகளுக்குள் எது விளம்பரம், எது ஊர்ப் பெயர் என்று பயணி கண்டுபிடிக்க வேண்டும்.

நிலக்கீழ் ரயில் நிறுவனத்தில் வர்த்தகப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் பிக் இதை மாற்ற விரும்பினார். சட்டம் படித்தவர், ஒழுங்கில் பிடிவாதம் உள்ளவர். நிறுவனத்துக்கென்று தனி எழுத்து ஒன்று வேண்டும் என்று நினைத்தார். பார்த்த மாத்திரத்தில் இது நிறுவனத்தின் அறிவித்தல், விளம்பரம் அல்ல என்று தெரிய வேண்டும். தூரத்திலிருந்து வாசிக்க முடிய வேண்டும். பழமையின் நகலாக இல்லாமல் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். அச்சாளர் ஜெராட் மெய்னல் வழியாக 1913இல் அவர் ஜோன்ஸ்டனைச் சந்தித்தார். 1915இல் வேலை உறுதியானது. முதலில் கில்லும் கூட இருந்தார். வேறு பணி காரணமாக விரைவில் விலகிக்கொண்டார். 1916இல் ஜோன்ஸ்டன் எழுத்துகளைக் கொடுத்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது.

அவர் என்ன செய்தார்? பழைய உரோமர்கள் கல்லில் செதுக்கிய பெரிய எழுத்துகளின் அளவுகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் நுனிகளில் இருக்கும் சிறு முனைகளை நீக்கினார். கோட்டின் தடிப்பை எங்கும் ஒரே அளவாக்கினார். ஓ என்ற எழுத்து முழு வட்டம். சிறிய எல் எழுத்து வெறும் நேர்கோடாக நின்றால் ஐ என்றோ, ஒன்று என்ற இலக்கம் என்றோ மயக்கம் வரும். அதனால் அதன் அடியில் ஒரு சிறு வளைவு வைத்தார். சிறிய ஐ, ஜே எழுத்துகளின் மேலுள்ள புள்ளியை வட்டமாக வைக்காமல், சாய்ந்த சதுரமாக, வைர வடிவில் வைத்தார். அகலமுனைப் பேனாவைச் சரித்துப் பிடித்துத் தாளில் ஒருமுறை அழுத்தினால் விழும் வடிவம் அதுவே. கருவியின் அடையாளத்தை அந்த ஒரு புள்ளியில் அவர் விட்டுவைத்தார். அடுத்தமுறை பஸ் தரிப்பில் நிற்கும்போது கவனியுங்கள், அந்த வைரப் புள்ளி இன்றும் அங்கே இருக்கிறது.

இந்த எழுத்து அவருக்கு இலவசமாகக் கிடைத்த புகழ் அல்ல. தடித்தும் மெலிந்தும் ஓடும் பேனா எழுத்தே உண்மையான எழுத்து என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தவர், ஒரே தடிப்பில் இயந்திரத்துக்கு உகந்த எழுத்தை உருவாக்கியது அவரது வட்டாரத்திலேயே சிலருக்குப் பொறுக்கவில்லை. அவரது முதல் மாணவர்களில் ஒருவரான கிரெய்லி ஹியூவிட், ஆசிரியர் மேல் தமக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது என்று எழுதும் அளவுக்கு மனம் கசந்தார். உரோம எழுத்தின் உயர்ந்த தரத்தைக் கைவிட்டு, கண்ணுக்கு அழகற்ற கட்டை எழுத்துகளை உலகில் பரப்பிவிட்டார் என்பது அவரது குற்றச்சாட்டு.

நாம் இதை வேறுவிதமாகப் பார்க்கிறோம். ஜோன்ஸ்டன் தம் பாடத்தை மாற்றவில்லை. வேலைக்கு ஏற்ற வடிவம் என்பதே அவரது பாடம். தோலில் மெதுவாக எழுதி மெதுவாக வாசிக்கும் ஏட்டுக்கு ஒரு வடிவம். ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கணத்தில் வாசிக்க வேண்டிய பலகைக்கு வேறொரு வடிவம். சுவடியில் வல்லவராக இருந்தபடியால்தான் எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது.

வளையமும் பட்டையும்

எழுத்தோடு அவர் வேலை முடியவில்லை. 1908 முதல் நிலையங்களில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் சிவப்பு நிறத்தில் முழு வட்டமும், குறுக்கே நீலப் பட்டையும் இருந்தன. விளம்பரங்களுக்கு நடுவே பெயரைப் பிரித்துக் காட்ட அது உதவியது. ஆனால் சிவப்பு வட்டம் கனமாக நின்றது. ஜோன்ஸ்டன் வட்டத்தின் நடுவை வெட்டி எடுத்து அதை வளையமாக்கினார். வளையத்துக்கும் பட்டைக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள அளவுகளை ஒழுங்காக்கினார். 1917இல் அது நிறுவனத்தின் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்யப்பட்டது.

1933இல் லண்டனின் நிலக்கீழ் ரயில், பஸ், டிராம் எல்லாம் ஒரே பொதுச் சபையின் கீழ் வந்தன. அதன் தலைமை நிர்வாகி ஃபிராங்க் பிக். ஒரு ரயில் நிறுவனத்துக்காக வரையப்பட்ட எழுத்தும் சின்னமும் அவ்வாறு முழு நகரத்துக்கும் உரியவையாகின. லூயிஷாம் நகர மத்திக்கு நிலக்கீழ் ரயில் இதுவரை வரவில்லை. பேக்கர்லூ பாதையை இங்கு நீட்டும் திட்டம் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. ஆனால் ஜோன்ஸ்டனின் எழுத்து பஸ்ஸோடும் டிராமோடும் எப்போதோ வந்துவிட்டது. இதே லூயிஷாம் மாநகரப் பிரிவுக்குள் இருக்கும் நியூ குரொஸ் டிப்போவுக்குத்தான் 1952 ஜூலையில் அக்காலத்து லண்டன் டிராம்களில் கடைசி டிராம் வந்து சேர்ந்தது. டிராம் போயிற்று, எழுத்து நின்றது.

குருவும் சீடரும்

இனி கில்லின் கதை. 1928இல் மொனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனம் எரிக் கில் வரைந்த எழுத்துரு ஒன்றை வெளியிட்டது. அதன் பெயரிலேயே கில் இருந்தது. ஜோன்ஸ்டனின் எழுத்தை அடியொற்றியது அது என்பது பார்த்தவுடன் தெரியும். கில்லும் அந்தக் கடனை மறைக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. ஜோன்ஸ்டனின் எழுத்து போக்குவரத்து நிறுவனத்தின் தனிச்சொத்து. வெளியார் எவரும் அதை வாங்க முடியாது. கில்லின் எழுத்தை எந்த அச்சகமும் வாங்கலாம். வடகிழக்கு ரயில் நிறுவனம் அதைத் தன் நிலையங்களுக்கு எடுத்துக்கொண்டது. 1935இல் வெளிவரத் தொடங்கிய பெங்குவின் மலிவுப் பதிப்புகளின் அட்டைகளிலும் அது இடம்பிடித்தது. சீடரின் பெயர் உலகெங்கும் போயிற்று. குருவின் எழுத்து லண்டனுக்குள் பெயரில்லாமல் நின்றது.

இதற்காக ஜோன்ஸ்டன் எங்கும் போய் முறையிடவில்லை. நிலக்கீழ் ரயில் எழுத்தைத் தம் வாழ்வின் பெரும் பணியாக அவர் கருதவும் இல்லை. அவருக்குப் பெரும் பணி மேசையில் இருந்த தோலும் இறகுமே. அங்கும் அவர் வேகமானவர் அல்லர். ஒப்புக்கொண்ட வேலை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தாமதமாகும். ஒரு கடிதம் எழுதத் தொடங்கினால் அதையும் முடிக்காமல் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பார். இத்தகைய மனிதருக்கு வருமானம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வீட்டுச் சுமையைத் தாங்கியவர் மனைவி கிரெட்டா. கலைஞரின் பொறுமையை நாம் புகழும்போது, அந்தப் பொறுமைக்கு வீட்டில் விலை கொடுத்தவரையும் நினைக்க வேண்டும். 1936இல் கிரெட்டா இறந்தார். அதன் பின் ஜோன்ஸ்டன் மேலும் ஒதுங்கி வாழ்ந்தார்.

1939இல் அரசு அவருக்கு சி.பி.ஈ. விருது வழங்கியது. அடுத்த போரின் நடுவே, 1944 நவம்பர் 26ஆம் திகதி, டிச்லிங் வீட்டில் அவர் காலமானார். வயது 72. மகள் பிரிசில்லா எழுதிய வாழ்க்கை வரலாறு 1959இல் வெளிவந்தது. தந்தையின் மேதைமையையும் அவரோடு வாழ்வதிலிருந்த சிரமத்தையும் அன்போடு சொல்லும் நூல் அது.

பிளாக்ஹீத்தில் கிடைத்த மறுவாழ்வு

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். 1970களில் அந்த எழுத்துக்குச் சாவு நெருங்கியது. அது மரத்திலும் ஈயத்திலும் வார்க்கப்பட்ட எழுத்து. அச்சுத் தொழிலோ ஒளிப்பட முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. கால அட்டவணை போன்ற சிறு எழுத்து வேலைகளுக்குப் பொருத்தமான மெல்லிய, தடித்த வகைகள் அதில் போதியளவு இல்லை. வேறு எழுத்துருக்கள் லண்டன் போக்குவரத்து அறிவித்தல்களுக்குள் நுழையத் தொடங்கின.

அந்த நேரத்தில் எழுத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு பாங்ஸ் அண்ட் மைல்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்திடம் வந்தது. அதன் அலுவலகம் இருந்தது லூயிஷாமிலிருந்து மேட்டில் ஏறினால் வரும் பிளாக்ஹீத்தில். நாம் பிள்ளைகளைப் பட்டம் விடக் கூட்டிப்போகும் அதே வெளிக்குப் பக்கத்தில். 1979இல் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் எயிச்சி கோனோ. ஜப்பானில் பிறந்து, லண்டனுக்கு வந்து எழுத்து வடிவமைப்புப் படித்தவர். சிறுவயதில் அவர் கற்ற எழுத்து இதுவல்ல.

ஜோன்ஸ்டன் வரைந்ததை அப்படியே பிரதி எடுத்தால் புதிய முறையில் அது வேலை செய்யாது. அதிகம் மாற்றினால் லண்டன் தன் எழுத்தை இழந்துவிடும். கோனோ ஒவ்வோர் எழுத்தையும் கையால் வரைந்து, அளவுகளைச் சரிசெய்து, மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று வகைகளை உருவாக்கினார். சிறிய எழுத்துகளின் உடலைச் சற்றுப் பெரிதாக்கினார். வைரப் புள்ளியைக் காப்பாற்றினார். நியூ ஜோன்ஸ்டன் என்ற பெயரோடு 1980களில் அது நகரமெங்கும் பரவியது. நம்மில் பலர் 1983க்குப் பின் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது வாசித்தது, உருகுவேயில் பிறந்த ஒருவர் உருவாக்கி, ஜப்பானில் பிறந்த ஒருவர் திருத்திய எழுத்தை.

2016இல் நூறாண்டு நிறைவையொட்டி மொனோடைப் நிறுவனம் அதை மீண்டும் புதுப்பித்தது. கைத்தொலைபேசித் திரைக்கான மிக மெல்லிய வகைகளும், சமூக ஊடகத்துக்கு வேண்டிய குறிகளும் சேர்க்கப்பட்டன. இடைக்காலத்தில் மங்கிப்போயிருந்த ஜோன்ஸ்டனின் பழைய இயல்புகள் சிலவும் மீட்கப்பட்டன. 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதையிலும் அந்த எழுத்தே இருக்கிறது.

நம் எழுத்துக்கு யார்?

இந்த வாழ்க்கையை நாம் எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஓர் எழுத்து வாழ்வதற்குப் பிறப்புரிமை போதாது, அதற்காக மினக்கெடும் ஆட்கள் வேண்டும். ஜோன்ஸ்டன் தொடங்கியபோது இந்த நாட்டவர்களே தங்கள் எழுத்தின் காரணத்தை மறந்திருந்தார்கள். ஒருவர் நூலகத்தில் உட்கார்ந்து பழஞ்சுவடிகளைப் பார்த்தார். கற்றதை ஒரு சிறு வகுப்புக்குச் சொன்னார். அவ்வகுப்புகளின் வழி வந்தவர்கள் 1921இல் எழுத்தர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அது இன்றும் இயங்குகிறது. அறுபது ஆண்டுகள் கழித்து எழுத்து தடுமாறியபோது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைத் தாங்கிப் பிடித்தார்.

நம்மிடமும் சுவடிகள் இருக்கின்றன. ஜோன்ஸ்டன் படித்த அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்து பிறந்த பிரித்தானிய நூலகத்திலேயே தமிழ் ஏடுகளும் பழைய தமிழ் அச்சு நூல்களும் உள்ளன. ஆனால் இங்குள்ள நம் கடைப் பலகைகளையும், திருவிழாத் துண்டுப்பிரசுரங்களையும், நினைவஞ்சலி அட்டைகளையும் பாருங்கள். கணினியில் முதலில் கிடைத்த எழுத்துருவில் அடித்து, இழுத்து அகலமாக்கி, நெருக்கி ஒடுக்கி, நிழல் போட்டு அனுப்பிவிடுகிறோம். எழுத்துப் பிழை இருந்தால் எவராவது சொல்வார்கள். எழுத்தின் வடிவம் சிதைந்தால் எவரும் சொல்வதில்லை.

விஜயதசமி அன்று கோவிலில் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் அகரம் எழுதி ஏடு தொடக்குகிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளை அதே அகரத்தைக் கொப்பியில் எழுதுகிறது. சுழி எங்கே தொடங்குகிறது, கை ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிள்ளை கேட்டால் பெரும்பாலும் நம்மிடம் பதில் இருப்பதில்லை. ஜோன்ஸ்டன் தம் வகுப்பில் தொடங்கியது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

வகுப்பு முடிந்து பிள்ளையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது, மேலே இருக்கும் பலகையைக் காட்டுங்கள். அந்த வைரப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். பஸ் வர இன்னும் சில நிமிடம் இருந்தால், நம் எழுத்தின் புள்ளியைப் பற்றியும் பேசலாம்.